ஐம்பதோடு நின்றுபோன முள்

அந்த மீனைப் பிடித்தது நான். என் கணவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போது சொல்லத் தொடங்கினாலும் எனக்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரிடம் தூண்டில், இரை, ஏரித் தண்ணீர் என்று பேசப் போயிருப்பார்கள்.

அறுபதுகளில் நாங்கள் செம்பூரில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அவருக்குத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலை. எனக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. இருவருடையதுமே திருநெல்வேலித் தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தாராவிப் பக்கம் போனால், ஆள் மாற்றி ஆள் அதைத்தான் கேட்பார்கள். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? காலை ஆராதனைக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாங்கள் ஏரிக்குப் போக ஆரம்பித்தோம்.

ஏரி ஊருக்கு வெளியே இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கிருந்த தூண்டில் சங்கத்தையும் சொன்னதாகிவிடும். பெரிய கம்பெனி ஆட்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய சங்கம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, சாய்வு நாற்காலிகள், டீ போட ஒரு ஆள். சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் சங்கத்தின் விதிகள். அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை. எந்த வகை மீனில் யார் அதிக எடை பிடித்தார் என்று அதில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கும். கட்லா மீனுக்கு நேராகச் சங்கத் தலைவரின் பெயரும் ஐம்பத்திரண்டு பவுண்டு என்ற எடையும் இருந்தன. நாட்டில் கிலோ வந்து வருஷங்களாகியும் அவர்களுக்குப் பவுண்டுதான்.

என் கணவருக்கு அங்கே இடம் கிடைத்தது அவருடைய மேலதிகாரி எழுதிக் கொடுத்த சிபாரிசால். அதை அவர் பெரிய பாக்கியமாக நினைத்தார். அந்த நாற்காலிகளில் அவர் ஒருநாளும் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான் உட்காருவார்.

மனைவிமார் கொட்டகையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். பம்பாயில் யார் ஸ்வெட்டர் போடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சில வாரம் சும்மா இருந்து பார்த்தேன். சுவரிலிருந்த விதிகளை மேலிருந்து கீழ் வரை பலமுறை படித்தேன். பிறகு ஒருநாள் அவருடைய இரண்டாவது தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை. இரை உருட்டுவதும் ரீலைச் சுற்றுவதும் எப்படி என்று காட்டிக் கொடுத்தார். நான் முதல் மீனைத் தூக்கியபோது என்னைவிட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். நல்ல மனிதர். இந்தக் கதையில் அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல மனிதர் செய்ததால்தான் அது இவ்வளவு வலித்தது.

ஒவ்வொரு ஞாயிறும் என் பெயரில் தனியாக விருந்தாளிச் சீட்டு வாங்கித்தான் தூண்டில் போட்டேன். ஓசியில் இல்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில் அந்த மீன் மாட்டியது. முதலில் தூண்டில் ஏதோ மரக்கட்டையில் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு அந்தக் கட்டை நகர்ந்தது. ரீல் அலறியது. அவர் தன்னுடைய கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையை நீட்டினார்.

"தொடாதிய!" என்று கத்தினேன். "தொட்டா கணக்குல வராது!"

விதியில் அப்படித்தான் இருந்தது. மீன் மாட்டியதிலிருந்து கரைக்கு வரும்வரை வேறு யார் கையும் கோலில் படக் கூடாது. அவர் கையை இழுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் என் பக்கத்தில் நின்று, "விடு, விடு, ஓட விடு... இப்ப சுத்து" என்று சொன்னது மட்டும்தான். கொட்டகையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து கரையில் நின்றார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். ஒரு கட்டத்தில் கோலின் அடியை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, தங்கூஸ் நரம்பை வலது கையால் பிடித்தேன். அது உள்ளங்கையை அறுத்தது. வலி அப்போது தெரியவில்லை. கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியபோது அவர் வலையைக் கொடுத்தார். வலை கொடுக்க விதியில் அனுமதி உண்டு. இருவரும் சேர்ந்து வலையை இழுத்துக் கரையில் போட்டோம்.

கட்லா. தலை மட்டும் ஒரு குடம் அளவு. செதில் ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிது. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

சங்கச் செயலாளர், எப்போதும் வெள்ளை அரைக்கால் சட்டை போடுகிற ஒரு பெரியவர், கொட்டகை உத்தரத்தில் தொங்கிய வில் தராசை இறக்கி வந்தார். கொக்கியில் மாட்டி இரண்டு பேர் தூக்கினார்கள். முள் விறுவிறுவென்று இறங்கி, ஐம்பது பவுண்டு என்ற கடைசிக் கோட்டில் போய் இடித்து நின்றது. அதற்குக் கீழே போக அதில் இடமில்லை.

"ஐம்பதுக்கு மேல்," என்றார் செயலாளர் இங்கிலீஷில். "அருமையான மீன். ஐம்பதுக்கு மேல் என்று எழுதிக்கொள்கிறேன்."

"எவ்வளவு மேல்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். "இந்தத் தராசு அவ்வளவுதான் காட்டும். முத்திரை போட்ட தராசில் நிறுத்தால்தானே செல்லும்? நாளைக்கோ மறுநாளோ பார்க்கலாம். மீனை ஐஸில் வையுங்கள்."

"நாளைக்கு வச்சா எடை குறைஞ்சு போயிரும்," என்று நான் என் கணவரிடம் தமிழில் சொன்னேன். "இப்பவே தண்ணி சொட்டிக்கிட்டிருக்கு. இப்பவே போய் நிறுக்கணும்."

"ஞாயித்துக்கெழம எங்க போய் நிறுக்க?"

"தாராவிக்கு. சித்தப்பா டிப்போவுக்கு."

என் சித்தப்பா தாராவியில் விறகும் கரியும் விற்கும் டிப்போ வைத்திருந்தார். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. புதிதாக வாங்கிய கிலோப் படிக்கற்கள், ஒவ்வொன்றிலும் அரசாங்க முத்திரை. அதைவிட நேரான தராசு எனக்குத் தெரிந்து பக்கத்தில் எங்கும் இல்லை. என் கணவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ உத்தரவு கேட்பதுபோல. நான் அதற்குக் காத்திருக்கவில்லை. இரண்டு ஈரச் சாக்கை எடுத்து மீனைச் சுற்றினேன்.

டாக்ஸிக்காரர் சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பக்கத்தில் தபேலா என்கிற எருமைக் கொட்டிலிலிருந்து காலிப் பால் கேன்களோடு கிளம்பிய சின்ன லாரி ஒன்று எங்களைச் சயான் வரை ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து கைவண்டி. வழியெல்லாம் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். கை எரிந்தது. என் கைக்குட்டையைக் கட்டியிருந்தேன். அது சிவந்து போயிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குதா?" என்றார். "இல்ல," என்றேன். நான் அந்த ஐம்பத்திரண்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதோடு நிற்கிற தராசில் ஐம்பத்திரண்டு எப்படி வந்தது? அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், எதுக்கு வம்பு என்பார்.

சித்தப்பா ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டி சட்டையோடு டிப்போ வாசலில் நின்றிருந்தார். கதவு பூட்டியிருந்தது.

"ஏட்டி, என்னது இது? ஆளத் தூக்கிட்டு வாரது மாதிரி வாரிய?"

சொன்னேன். சாக்கை விலக்கிக் காட்டினேன். அவர் கண் விரிந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"கர்த்தருடைய நாள்ல நான் தராசு தொட மாட்டேன். ஒனக்குத் தெரியாதா? நாளைக்கு விடியக் கருக்கல்ல வா, மொத யாவாரமே இதுதான்."

"சித்தப்பா, நான் விக்கவா சொல்லுதேன்? நிறுத்துப் பாக்கத்தானே கேக்கேன்?"

"நிறுக்கதும் வேலதானட்டி."

எனக்கு வந்த கோபம் அவருக்கு மட்டும் உரியதில்லை, செயலாளருக்கும் சேர்த்துத்தான். "நாளைக்கு வந்தா இது இதே மீனா இருக்காது," என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். "ஒவ்வொருத்தரும் நாளைக்கு நாளைக்குங்கிய. மீனு காயுது. நான் புடிச்ச மீனு என் கண்ணு முன்னால காயுது. கதவத் தொறங்க சித்தப்பா!"

சத்தம் கேட்டு நின்றவர்களில் எங்கள் கோயில் உபதேசியாரும் ஒருவர். சித்தப்பா அவர் முகத்தைப் பார்த்தார். உபதேசியார் மீனைப் பார்த்தார். "கொடுக்கல் வாங்கல் இல்லேன்னா குத்தமில்ல. தொறங்க," என்றார். அவருக்கும் எடை தெரிந்துகொள்ள ஆசை என்று எனக்குத் தோன்றியது.

விதியில் என்னென்ன கேட்டிருந்ததோ அதை ஒவ்வொன்றாகச் செய்தேன். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது. உபதேசியார் ஒருவர், பக்கத்துத் தோல் மண்டியில் கணக்கு எழுதும் பாய் ஒருவர். சாக்கை நீக்கிவிட்டு மீனை மட்டும் தராசுத் தட்டில் வைத்தோம். சித்தப்பா இப்போது வேறு ஆளாகிவிட்டார். தட்டு தரையில் இடிக்காமல் சங்கிலியைத் தூக்கிக் கட்டினார், முள் நடுங்கி நிற்கும்வரை யாரையும் மூச்சுவிட விடவில்லை. சின்னப் படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தார்.

"இருபத்தஞ்சு கிலோ எழுநூறு," என்றார்.

பாய் மனக்கணக்கில் பவுண்டாக்கினார். ஐம்பத்தாறரையைத் தாண்டியது. இன்னொரு முறை தட்டை மாற்றி நிறுக்கச் சொன்னேன். அதே எடைதான். பிறகு தையல் டேப்பால் நீளமும் சுற்றளவும் எடுத்தேன். வயிற்றுக்குள் கல் திணித்தார்கள் என்று நாளைக்கு யாராவது சொல்லக் கூடாது. படம் எடுத்த பிறகு சாட்சிகள் முன்னால் அறுப்பது என்று முடிவு செய்தேன். தூண்டிலுக்கு மேலே இருந்த தங்கூஸில் சில கஜம் வெட்டி, அட்டையில் சுற்றி வைத்தேன். அதையும் விதி கேட்டது.

படம் எடுக்க மாதுங்காவிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை அழைத்துவர என் கணவர் போயிருந்தார். வந்த ஸ்டூடியோக்காரர் மூக்கை மூடிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். மீனை உத்தரத்தில் தொங்கவிட்டோம். ஸ்டூடியோக்காரர் என் கணவரின் தோளைப் பிடித்து மீனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கோலை அவர் கையில் கொடுத்தார்.

"ஸார், நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கோ. மாமி, நீங்க கொஞ்சம் அந்தாண்ட நகர்ந்துக்கோங்கோ, நிழல் விழறது."

என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். விளையாட்டுக்குத்தான் நிமிர்த்தினார் என்று அப்போது நினைத்தேன்.

"மீனப் பிடிச்சது நான்," என்றேன்.

ஸ்டூடியோக்காரர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா? ரொம்ப சந்தோஷம். அப்போ நீங்க நில்லுங்கோ. கொஞ்சம் சிரிங்கோ."

"சிரிக்க மாட்டேன். தராசும் படத்துல தெரியணும். எடுங்க."

இன்றும் என்னிடம் இருக்கும் படத்தில் நான் யாரையோ அடிக்கப் போவதுபோல நிற்கிறேன். சேலையில் முழங்கால் வரை சேறு. கையில் கட்டு. மீன் என் தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை தொங்குகிறது.

அறுத்தபோது உள்ளே கல் ஏதும் இல்லை என்று சாட்சிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தெரு முழுக்கத் துண்டு போனது. தூத்துக்குடிப் பக்கம் கடல் மீன் தின்று வளர்ந்தவர்கள், "ஏரி மீனா? சேறு நாறுமே," என்று சொல்லிக்கொண்டே ஏனத்தை நீட்டினார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் அடித்தேன். தேதி, இடம், இரை, தங்கூஸின் வகை, எடை, அளவு, சாட்சிகள். பிழையில்லாமல் அடித்தேன். வெள்ளிக்கிழமைக்குள் படமும் வந்தது. அடுத்த ஞாயிறு சங்கக் குழுவின் முன்னால் வைத்தோம்.

குழு என்றால் தலைவர், செயலாளர், இன்னும் ஒருவர். என் கணவருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை. நின்றேன். தலைவர் என் தாள்களைப் புரட்டினார். நல்ல உயரம், நல்ல குரல், வயதான பிறகும் கிராப்பு அடர்த்தி.

"பிரமாதமாகத் தயாரித்திருக்கிறீர்கள்," என்று என் கணவரிடம் சொன்னார். என் மனைவி தயாரித்தது என்று அவர் சொல்லியிருக்கலாம்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஒரு சிக்கல். விருந்தாளிச் சீட்டில் வருகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கமில்லை."

"விதியில் எங்கே இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"எழுதியிருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்."

"எனக்குத் தெரியாது. சீட்டு வாங்கிய யாரும் என்று விதியில் இருக்கிறது. அதோ, சுவரில்."

தலைவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அம்மா, இவ்வளவு பெரிய மீனை அவ்வளவு நேரம் ஒரு பெண் தாங்கிப் பிடிக்க முடியாது. கணவர் ஒரு கை கொடுத்திருப்பார். அது இயற்கைதானே? யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்."

கைக்கட்டை அவிழ்த்தேன். உள்ளங்கையில் குறுக்கே வெட்டு இன்னும் ஆறவில்லை. அந்தக் கையை மேசைமேல், அவருடைய டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "என் கணவருடைய கையையும் பாருங்கள்," என்றேன்.

யாரும் பார்க்கவில்லை. என் கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கேட்டேன். "உங்கள் ஐம்பத்திரண்டை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? உங்களிடம் இருப்பது ஐம்பதோடு நிற்கிறது. சாட்சி யார்? படம் எங்கே?"

கொட்டகையில் டீ ஆற்றும் சத்தம்கூட நின்றுபோனது. செயலாளர், "அது வேறு தராசு," என்றார். "எந்தத் தராசு?" என்றேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரிடம் மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் மனைவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். வாருங்கள், நாம் இரண்டு பேரும் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்."

இருவரும் கரையோரம் நடந்து போனார்கள். மரத்தடியில் நின்று பேசுவது தெரிந்தது. தலைவர் அவர் தோளில் கை போட்டிருந்தார். டீ ஆள் அங்கேயே இரண்டு கோப்பை கொண்டு போய்க் கொடுத்தார். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி என்னை உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

திரும்பி வந்ததும் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். என் கணவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தாளைப் பிடுங்கிப் படித்தேன். கோலைப் பிடித்திருந்தது தானே என்றும், மனைவி பக்கத்திலிருந்து உற்சாகப்படுத்தினாள் என்றும் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை நம்பிப் புதிய சாதனையை அவர் பெயரில் எழுத ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக நான் கேட்ட கேள்வியை இனி யாரும் கேட்கப் போவதில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய புத்தி வேண்டாம்.

"இது பொய்," என்றேன், முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். என் கணவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகு அவர் சொன்னார்:

"யாரு பேருல இருந்தா என்ன? நீயும் நானும் ஒண்ணுதான? பலகையில நம்ம வீட்டுப் பேருதான ஏறப் போகுது?"

"ஒண்ணுன்னா எம் பேருல போடச் சொல்லியிருக்கலாம்லா?"

"அவங்க ஒத்துக்கிட மாட்டாங்க."

"அவங்க ஒத்துக்கலேன்னு நீங்க ஏன் ஒத்துக்கிட்டிய?"

நான் தட்டை எடுத்துத் தரையில் அடித்தேன். எவர்சில்வர், உடையவில்லை, உருண்டு போய்ச் சுவரில் மோதியது. கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்து ஏதோ சத்தம் போட்டார். போகட்டும் என்று இன்னொரு தட்டையும் அடித்தேன்.

மறுநாள் ஆபீஸில் ஒரு கடிதம் டைப் அடித்தேன். நீளமாக இல்லை. மீனைப் பிடித்தது நான், என் கணவர் கையெழுத்துப் போட்டது உண்மைக்கு மாறானது, சாட்சிகளைக் கேளுங்கள், கரையில் நின்று பார்த்த உங்கள் உறுப்பினர்களைக் கேளுங்கள். கடைசியில் அந்த ஐம்பத்திரண்டு பற்றிய கேள்வி. கார்பன் வைத்து அடித்த பிரதிகளைக் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். ஒன்றை என் கணவருக்கும் கொடுத்தேன். மறைத்துச் செய்யவில்லை. அவர் படித்துவிட்டு, "அனுப்பாதே," என்றார். "அனுப்பியாச்சு," என்றேன்.

கரையில் நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சங்கத்திலிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. ஒன்றுக்கொன்று முரணான வாக்குமூலங்கள் இருப்பதால் மீன் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. தவறான தகவலில் கையெழுத்திட்டதற்காக என் கணவரின் உறுப்பினர் பதவி ரத்து. பழைய சாதனை தொடர்கிறது. ஐம்பத்திரண்டு பவுண்டு.

பொய்யை எழுதிக் கொடுத்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர் மட்டும் வெளியே.

"எம் மானத்த வாங்கிட்டியே," என்றார் அவர். பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். தொழிற்சாலையில் சிபாரிசு செய்த மேலதிகாரி அவரிடம் முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்காக வருத்தப்பட்டேன். கடிதத்துக்காக வருத்தப்படவில்லை, இன்றுவரை இல்லை. தாராவியில் செய்தி வேறு மாதிரிப் பரவியிருந்தது. புருஷனையே காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். சித்தப்பா மட்டும், "எந் தராச எவனாவது கொற சொன்னானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி," என்றார்.

பல மாதம் வீட்டில் உப்பு, புளி, ரேஷன், லோக்கல் ரயில் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் சம்பளத்தில் ஒரு கோல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக மாஹிம் கடற்கரைக்குப் போனேன். அங்கே சீட்டு இல்லை, பலகை இல்லை. கோலி மீனவப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஒருநாள் திரும்பிப் பார்த்தேன். அவர் வந்து பாறையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒன்றும் இல்லாமல். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை பேசினார்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"எம் மேலயா, அவங்க மேலயா?"

"அவங்கள நான் இனிமே பாக்கப் போறதில்ல. ஒங்கள தினமும் பாக்க வேண்டியிருக்கு. ஒங்க மேலதான்."

அவர் தலையை ஆட்டினார். அதுவரை கேட்காததை அப்போது கேட்டேன். "மரத்தடியில வச்சு என்ன சொன்னாங்க? ஆபீஸ்ல சொல்லிருவோம்னு மிரட்டுனாங்களா?"

அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். வேலைக்குப் பயந்திருப்பார், வீட்டு வாடகைக்குப் பயந்திருப்பார். பயத்தில் போட்ட கையெழுத்து என்றால் ஒருநாள் மன்னித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தேன்.

"மிரட்டல," என்றார். உண்மையைத்தான் சொன்னார், அந்த ஒரு விஷயத்தில் இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார் போல. "டீ குடுத்தாரு. நீங்க நம்ம ஆளு, நமக்குள்ள முடிச்சுக்கலாம்னாரு. இத்தன வருஷத்துல அவரு எங்கிட்ட பேசுனதே அன்னிக்குத்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு கோப்பை டீ. தோளில் ஒரு கை. என் கை அறுபட்டதற்கு அதுதான் விலை. அந்தப் பாறையிலிருந்து அவரைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் என்று தோன்றியது. தள்ளவில்லை. கோலைச் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தேன். அன்று கிடைத்திருந்தது நடுத்தரமான ஒரு கெளுத்தி மட்டும்தான். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் எனக்கு விட்டுக் கொடுத்தார், உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் மீனை நானே ஆய்ந்து குழம்பு வைத்தேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டார். போட்டேன்.